அமெரிக்காவில் ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன் ஆக என்ன படிக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நியூட்ரிஷனில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்துவிட்டது, முடித்ததும் டயட்டீஷியன்தானே?" என்று கேட்டு எழுதும் மாணவர்கள் நிறைய. இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கவலை வந்துவிடும். பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், கட்டணம் எல்லாம் விசாரித்திருப்பார்கள். ஆனால் அந்தப் படிப்புக்குள் மேற்பார்வைப் பயிற்சி இருக்கிறதா என்பதை மட்டும் விசாரித்திருக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தின் பாதி அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

மாஸ்டர்ஸ் முடித்தால் தானாகவே ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன் (ஆர்.டி.) ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். நான்கு படிகள் உண்டு. ஏசெண்ட் (ACEND) என்ற அமைப்பு அங்கீகரித்த டயட்டெடிக்ஸ், அதாவது உணவு சிகிச்சைப் பாடத்திட்டத்தைப் படித்திருக்க வேண்டும். மேற்பார்வையின் கீழ் குறைந்தது 1000 மணி நேரம் பயிற்சி செய்திருக்க வேண்டும். முதுகலைப் பட்டம் அல்லது அதற்கும் மேற்பட்ட பட்டம் இருக்க வேண்டும். இவை முடிந்த பிறகு சி.டி.ஆர். என்ற பதிவு ஆணையம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நியூட்ரிஷன் என்ற பெயரில் உள்ள மாஸ்டர்ஸ் பலவும் ஆராய்ச்சிக்கானவை. ஆய்வகம், புள்ளியியல், ஆய்வேடு என்று நல்ல படிப்புகள்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றில் மருத்துவமனைப் பயிற்சி இருக்காது, ஏசெண்ட் அங்கீகாரமும் இருக்காது. அப்படி ஒன்றை இரண்டு வருடம் படித்து முடித்தவருக்கு மேலே சொன்ன நான்கில் ஒன்றுதான் நிறைவேறியிருக்கும். மற்ற மூன்றையும் அதன் பிறகுதான் தொடங்க வேண்டும்.

முதுகலை எப்போதிலிருந்து கட்டாயம்? முன்பு பி.எஸ். என்ற இளங்கலைப் பட்டம் போதும் என்றார்களே?

போதும் என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் புதிதாகத் தேர்வுக்குத் தகுதி பெறுபவர்களுக்கு முதுகலை கட்டாயம். அதற்கு முன்பே ஆர்.டி. ஆனவர்களை இது பாதிக்காது. அவர்கள் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

இது திடீரென்று வந்ததும் இல்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். மருந்தியல், இயன்முறை சிகிச்சை போன்ற துறைகளில் நுழைவுத் தகுதி ஏற்கெனவே முதுகலைக்கும் முனைவர் நிலைக்கும் உயர்ந்துவிட்டது. ஐ.சி.யு. ரவுண்ட்ஸில் அவர்களோடு நின்று பேச வேண்டிய டயட்டீஷியனுக்கு இளங்கலை போதாது என்பது முக்கியமான வாதம். எனக்கு இதில் உடன்பாடு உண்டு. அதே சமயம், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த விதி இன்னொரு சுவராக நிற்கிறது என்பதும் உண்மை. அதற்குப் போதுமான உதவித்தொகை இன்னும் உருவாகவில்லை.

முதுகலை நியூட்ரிஷனில்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரம், வணிக நிர்வாகம் என்று எந்தத் துறையாக இருந்தாலும் சி.டி.ஆர். ஏற்கும். பட்டம் தரும் நிறுவனம் முறையான அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் போதும். ஆனால் டயட்டெடிக்ஸ் பாடங்களும் பயிற்சி மணிகளும் தனியாக நிறைவேற வேண்டும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதல் வழி பழையது. டி.பி.டி. எனப்படும் பாடத்திட்டத்தைப் படிப்பீர்கள். முடித்ததும் வெரிஃபிகேஷன் ஸ்டேட்மென்ட் என்ற சான்று தருவார்கள். அதைக் காட்டி டயட்டெடிக் இன்டர்ன்ஷிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டி.பி.டி. சில இடங்களில் இளங்கலை நிலையிலும் சில இடங்களில் முதுகலை நிலையிலும் இருக்கிறது. இந்த வழியில் பாடத்துக்கும் பயிற்சிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழும். இன்டர்ன்ஷிப் இடம் கிடைக்காதவர்கள் அங்கேயே தேங்கிப்போகிறார்கள்.

இரண்டாவது, கோ-ஆர்டினேட்டட் புரோகிராம். பாடமும் பயிற்சியும் ஒரே படிப்புக்குள் வரும்.

மூன்றாவது, புதிய மாதிரியில் வந்த கிராஜுவேட் புரோகிராம். இதுவும் இரண்டையும் சேர்த்தே தரும், முடிக்கும்போது முதுகலைப் பட்டமும் கையில் இருக்கும். எத்தனை பாடம் படித்தீர்கள் என்பதைவிட என்ன செய்யத் தெரிந்திருக்கிறது என்பதை வைத்து மதிப்பிடும் அமைப்பு இது.

புதிதாகத் தொடங்குபவர், அதிலும் வெளிநாட்டிலிருந்து வருபவர் என்றால், என் பரிந்துரை இரண்டாவதும் மூன்றாவதும்தான். ஒரே சேர்க்கை, ஒரே விசா, நடுவில் தேங்கும் ஆபத்தும் இல்லை. கொஞ்சம் கூடுதல் கட்டணம் ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

ஏசெண்டின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தைப் படிப்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். பட்டியலில் இல்லாத படிப்பு எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அதை மட்டும் வைத்து இந்த வேலைக்கு வர முடியாது.

இந்தியாவில் எம்.எஸ்சி. நியூட்ரிஷன் முடித்திருக்கிறேன். மறுபடியும் படிக்க வேண்டுமா?

உங்கள் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு எந்த அளவில் சமம் என்பதை முதலில் மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கான மதிப்பீட்டு நிறுவனங்களை ஏசெண்ட் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் எம்.எஸ்சி. அமெரிக்க முதுகலைக்குச் சமம் என்று வந்தால் முதுகலை நிபந்தனை நிறைவேறியது. இன்னொரு மாஸ்டர்ஸ் தேவையில்லை.

ஆனால் டி.பி.டி. பாடங்களும் 1000 மணிப் பயிற்சியும் அப்படியே நிற்கும். ஒரு டி.பி.டி. இயக்குநர் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, எந்தப் பாடங்களை ஏற்கலாம், எவற்றைப் புதிதாகப் படிக்க வேண்டும் என்று சொல்வார். ஒவ்வொரு இயக்குநரும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. அதனால் நான்கைந்து இடங்களுக்கு எழுதிக் கேளுங்கள். பாடத்தின் பெயரை மட்டும் அனுப்பினால் பதில் தெளிவாக வராது. முழுப் பாடத்திட்டத்தையும் அனுப்புங்கள்.

இந்தியாவில் தேர்வு எழுதி வாங்கிய ஆர்.டி. தகுதி உங்கள் அனுபவத்துக்குச் சாட்சியாக நிற்கும், இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். ஆனால் அதை வைத்து நேராக அமெரிக்கத் தேர்வு எழுத முடியாது.

இன்னொன்று: மூன்று வருட பி.எஸ்சி. விஷயத்தில் மதிப்பீட்டு நிறுவனங்களின் முடிவு ஒன்றுக்கொன்று வேறுபடலாம். பணம் கட்டும் முன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

என் இளங்கலை வேறு துறை. பொறியியல், வணிகவியல் படித்தவர்கள் வரலாமா?

தாராளமாக வரலாம். வேறு துறையிலிருந்து வருபவர்களை எடுக்கும் கிராஜுவேட் புரோகிராம்கள் இருக்கின்றன. முன்தேவைப் பாடங்களை மட்டும் முடித்துவிட்டு வர வேண்டும். வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், அடிப்படை ஊட்டச்சத்து ஆகியவைதான் பொதுவாகக் கேட்கப்படுபவை. இவற்றைக் கட்டணம் குறைந்த உள்ளூர்க் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் படித்தால் செலவு வெகுவாகக் குறையும். உயிர்வேதியியலை மட்டும் அவசரமாக முடித்துத் தள்ளாதீர்கள். பின்னால் சிறுநீரகம், கல்லீரல் நோய்களுக்கான உணவு சிகிச்சை எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

1000 மணிப் பயிற்சியில் உண்மையில் என்ன செய்வோம்?

மருத்துவமனை, உணவுச் சேவை, சமூக நலம் என்று மூன்று களங்கள். ஒவ்வொன்றிலும் பிரிசெப்டர் ஒருவர் உங்களைக் கவனித்துக் கற்றுத்தருவார்.

மருத்துவமனைப் பகுதிதான் மாணவர்களை அதிகம் மிரட்டும், அதிகம் வளர்க்கவும் செய்யும். முதல் வாரங்களில் பிரிசெப்டர் பின்னால் நடப்பீர்கள். அப்புறம் ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று உங்கள் கைக்கு வரும். கடைசி வாரங்களில் ஒரு வார்டையே நீங்கள் பார்ப்பீர்கள். மதிப்பீடு, ஊட்டச்சத்துக் கண்டறிதல், தலையீடு, தொடர் கண்காணிப்பு என்ற நான்கு படிகளில் ஒவ்வொரு நோயாளிக்கும் குறிப்பு எழுத வேண்டும்.

ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிவதையே எடுத்துக்கொள்வோம். ஆள் ஒல்லியாக இருக்கிறாரா என்று பார்ப்பதோடு அது முடியாது. 2012-இல் வந்த ஒருமித்த அளவுகோலில் ஆறு அடையாளங்கள் இருக்கின்றன: உணவு உட்கொள்வது குறைதல், எடை குறைதல், தோலடிக் கொழுப்பு இழப்பு, தசை இழப்பு, நீர் கோத்தல், கைப்பிடி வலுவிழத்தல். இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அந்த நோயறிதலை எழுதலாம். அதற்கு நெற்றிப்பொட்டுத் தசையையும் தோள்பட்டை எலும்பையும் தொட்டுப் பார்க்கப் பழக வேண்டும். பருமனான உடலுக்குள் தசை கரைந்துபோயிருப்பதை விரலால் உணரும் நாள் வரும். அதைப் புத்தகம் கற்றுத்தராது.

ஐ.சி.யு.வில் கணக்குதான் வேலை. ஒரு மி.லி.க்கு 1.5 கலோரி தரும் திரவ உணவை மணிக்கு 60 மி.லி. வீதம் 20 மணி நேரம் குழாய் வழியே கொடுத்தால் 1800 கலோரி. சரி, அந்த நோயாளி வென்டிலேட்டரில் இருக்கிறார், மயக்கத்துக்கு புரோபோஃபால் ஓடுகிறது. அந்த மருந்து கொழுப்புக் கரைசலில் வருவது, ஒரு மி.லி.க்கு 1.1 கலோரி. மணிக்கு 20 மி.லி. ஓடினால் ஒரு நாளில் 528 கலோரி அதிலிருந்தே போய்ச் சேர்ந்துவிடும். அதைக் கழித்து உணவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் புரதமும் குறையும், அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். காலையில் மருந்தின் வேகத்தை மாற்றியிருப்பார்கள், கணக்கை மறுபடி போட வேண்டும்.

இன்னொரு நோயாளி பல நாள் சாப்பிடாமல் வந்திருப்பார். அவருக்கு உடனே முழு அளவில் உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கிவிடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். குறைவாகத் தொடங்க வேண்டும், தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கச் சொல்ல வேண்டும், ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து மெல்ல ஏற்ற வேண்டும். பசித்தவருக்குக் கொடுக்கும் உணவே உயிருக்கு ஆபத்தாகலாம் என்று தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பயிற்சி மணிகளில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

உணவுச் சேவைப் பகுதியில் மருத்துவமனை அல்லது பள்ளியின் சமையற்கூடத்தில் இருப்பீர்கள். வெப்பநிலைப் பதிவு, பணியாளர் அட்டவணை, கொள்முதல், மெனு என்று போகும். இது எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு நோயாளிக்கு எழுதிய உணவு ஆணை எப்படித் தட்டாக மாறி அவர் படுக்கைக்குப் போகிறது என்று தெரியாத டயட்டீஷியன் அரைகுறைதான். சமூக நலப் பகுதியில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்குமான விக் திட்டம், பள்ளி மதிய உணவு, முதியோர் மையங்கள் போன்றவை வரும்.

ஆன்லைனில் முடிக்கலாமா?

பாடங்களைப் படிக்கலாம். பயிற்சியை நேரில்தான் செய்ய வேண்டும், சிறு பகுதி மட்டும் செயற்கைச் சூழல் பயிற்சியாக இருக்கலாம். தொலைநிலை இன்டர்ன்ஷிப் என்ற வகையில் நீங்கள் இருக்கும் ஊரிலேயே மணிகளை முடிக்கலாம். ஆனால் பிரிசெப்டர்களை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். யாரையும் தெரியாத ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அது லேசில் நடக்காது.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள்தான் கட்டணம் கட்டுவீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் இன்டர்ன்ஷிப்களில் உதவித்தொகை உண்டு, ஆனால் அவை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். கட்டணத்தோடு தடுப்பூசி, பின்னணிச் சரிபார்ப்பு, காப்பீடு, போக்குவரத்துச் செலவுகளும் சேரும். பல இடங்களில் கார் இல்லாமல் சமாளிக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் அசிஸ்டன்ட்ஷிப் (கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ உதவும் சம்பள வேலை) கிடைத்தால் பெரிய ஆறுதல், துறைக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

டைகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான் பல இடங்களுக்கு விண்ணப்பிப்பீர்கள். மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், தன்விளக்கக் கட்டுரை, அனுபவம் எல்லாம் பார்ப்பார்கள். தமிழ் மாணவர்கள் மதிப்பெண்ணில் வலுவாக இருந்துகொண்டு அனுபவத்தில் கோட்டை விடுவதைப் பார்க்கிறேன். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் பகுதி நேரம், உணவு வங்கியில் தன்னார்வம், முதியோர் இல்லத்தில் உதவி எல்லாமே கணக்கில் வரும். கட்டுரையில் சிறுவயது முதலே ஆர்வம் என்று எழுதாதீர்கள். நீங்கள் செய்த ஒரு வேலையை, அதில் கற்றதை எழுதுங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

கணினித் தேர்வு. குறைந்தது 125 கேள்விகள், அதிகபட்சம் 145. அவற்றில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, அவை எதிர்காலத் தேர்வுகளுக்கான சோதனைக் கேள்விகள். எவை அவை என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தரும் விடைகளைப் பொறுத்து அடுத்து வரும் கேள்வியின் கடினம் மாறும். விட்டுவிட்டுப் போகவும் முடியாது, பின்னால் திரும்பிப் போய்த் திருத்தவும் முடியாது. 1 முதல் 50 வரையிலான அளவுகோலில் 25 எடுத்தால் தேர்ச்சி.

2022-இல் நடைமுறைக்கு வந்த பாடப் பங்கீட்டின்படி, தனிநபருக்கும் குழுக்களுக்குமான ஊட்டச்சத்துப் பராமரிப்பு 45 சதவீதம், அடிப்படைக் கோட்பாடுகள் 21, நிர்வாகம் 21, உணவுச் சேவை 13. அதாவது கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கு நிர்வாகமும் உணவுச் சேவையும்தான். மருத்துவப் பகுதியை மட்டும் உருப்போட்டுவிட்டுப் போகிறவர்கள் பணியாளர் கணக்கிலும் கொள்முதல் கணக்கிலும் மாட்டிக்கொள்கிறார்கள். பயிற்சி முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள். தள்ளிப்போடப் போட மறந்துபோகும்.

தேறாவிட்டால் 45 நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம்.

சேரும் முன்பே தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். முதல் முறை தேர்வு எழுதியதிலிருந்து ஓராண்டுக்குள் குறைந்தது 80 சதவீத மாணவர்கள் தேற வேண்டும் என்று ஏசெண்ட் எதிர்பார்க்கிறது. படிப்பை முடிப்பவர்கள் எத்தனை பேர், தேறுபவர்கள் எத்தனை பேர் என்ற தகவலை இயக்குநரிடம் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

விசா விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்குப் பயிற்சி பட்டத்துக்குள்ளேயே இருப்பது நல்லது. மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன், சம்பளம் இல்லாததாக இருந்தாலும், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற மாணவர் வேலை அனுமதியில் ஓராண்டு வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்குக் கூடுதலாக 24 மாதம் கிடைக்கும். உங்கள் படிப்பு எந்தப் பாடப்பிரிவுக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கும். டயட்டெடிக்ஸ் குறியீடு ஸ்டெம் பட்டியலில் இல்லை, நியூட்ரிஷன் சயின்ஸ் குறியீடு இருக்கிறது. ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு குறியீட்டில் பதிந்திருக்கலாம். சேரும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம்.

நியூட்ரிஷனிஸ்ட் என்று போட்டுக்கொண்டு வேலை பார்க்கக் கூடாதா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பல மாநிலங்களில் உணவு சிகிச்சை அளிக்க உரிமம் வேண்டும், ஆர்.டி. தகுதி இருந்தால் அதைப் பெறுவது எளிது. டயாலிசிஸ் மையங்களில் கூட்டாட்சி விதிப்படியே பதிவு பெற்ற டயட்டீஷியன் இருக்க வேண்டும், அவருக்குக் குறைந்தது ஓராண்டு மருத்துவ அனுபவமும் வேண்டும். சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு உணவு சிகிச்சைக்குப் பணம் தருகிறது: முதல் ஆண்டு 3 மணி நேரம், அடுத்தடுத்த ஆண்டுகளில் 2 மணி நேரம். தகுதி இல்லாதவர் அந்தக் கட்டணத்தைக் கோர முடியாது.

சம்பளம் எவ்வளவு?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி 2023 மே மாதத்தில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் பணிகளின் நடுமதிப்பு ஆண்டு ஊதியம் 69,680 டாலர். கடன் வாங்கிப் படிப்பவர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். கணினித் துறை நண்பர்களின் சம்பளத்தை மனதில் வைத்து இந்தப் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள்.

பட்டம் முடிந்துவிட்டது, இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லை. இப்போது என்ன செய்யலாம்?

டி.பி.டி. முடித்து இளங்கலைப் பட்டமும் இருந்தால், டயட்டீஷியனுக்கு உதவியாக வேலை செய்யும் டயட்டெடிக் டெக்னீஷியனுக்கான பதிவுத் தேர்வு எழுதலாம். அந்தத் தகுதியோடு மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டு அனுபவம் விண்ணப்பத்தின் முகத்தையே மாற்றிவிடும்.

ஆர்.டி. ஆன பிறகு படிப்பு முடிந்ததா?

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 75 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், ஆண்டுக் கட்டணமும் உண்டு. சிறப்புத் துறைக்குப் போக விரும்பினால் சிறுநீரகம், குழந்தைகள் நலம், புற்றுநோய், விளையாட்டு, முதியோர் நலம் ஆகியவற்றில் சி.டி.ஆர். தனிச் சான்றிதழ் தருகிறது. பொதுவாக ஆர்.டி. ஆகி இரண்டு ஆண்டும், அந்தத் துறையில் 2000 மணி அனுபவமும் ஆன பிறகே அந்தத் தேர்வுகளை எழுதலாம். அதனால் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த மணிகள் எந்தத் துறையில் சேரும் என்று பாருங்கள். எந்தத் துறை என்று முடிவாகவில்லையா? எல்லா வகை நோயாளிகளும் வரும் பொது மருத்துவமனையில் சேருங்கள்.